அலைவரிசை காலியா?

எங்கள் மலை ஊரான வாழவந்தியில் கரண்ட் போகும் நேரம்தான் நான் ரேடியோ முன்னால் உட்காரும் நேரம். வீட்டுக்கு வீடு எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, மொபைல் சார்ஜர் என்று எல்லாம் சேர்ந்து நாள் முழுக்க என் ரிசீவரில் இரைச்சலைக் கொட்டுகின்றன. கரண்ட் போன நொடியில் அத்தனையும் அடங்கிவிடும். என் செட் ஒரு பழைய லாரி பேட்டரியில் ஓடுகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு 7 மெகாஹெர்ட்ஸில் மெதுவாகத் திருப்பினால், இரைச்சலுக்கு அடியில் இத்தனை நேரம் கிடந்த மெல்லிய மோர்ஸ் ஒலிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். வெளியே மிளகுக்கொடி ஏறிய இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் என் ஆன்டெனா கம்பி தொங்குகிறது. மூடுபனி இறங்கினால் அது கண்ணுக்குத் தெரியாது; காதுக்குத் தெரியும்.

போன மார்கழியில் அப்படி ஒரு மாலை. யாரோ புதியவர் பொது அழைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு ஆறேழு சொல் வேகம் இருக்கும். வி.யூ.3 என்று தொடங்கும் கால்சைன், அதாவது நிலையத்தின் அழைப்புக்குறி. கை நடுங்குவது காதில் தெரிந்தது. 'கியூ' என்ற எழுத்துக்கு டா டா டிட் டா, அதாவது கோடு கோடு புள்ளி கோடு என்று அடிக்க வேண்டும். அவர் அடித்ததில் கடைசி டா தயங்கித் தயங்கி வந்து பாதியில் நின்றது. மூன்று முறை கூப்பிட்டுவிட்டு நிறுத்தினார்.

உடனே ஒருவர் பதில் கொடுத்தார், நிமிடத்துக்கு 25 சொல் வேகத்தில். சுத்தமான அடி, எலக்ட்ரானிக் கீயர். சிக்னல் அறிக்கை, பெயர், ஊர், ஆன்டெனா, வானிலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். புதியவரிடமிருந்து ஒரே ஒரு கேள்விக்குறி வந்தது. மறுபடியும் அதே செய்தி, அதே வேகத்தில். அதன் பிறகு புதியவரின் சத்தமே இல்லை.

அந்தக் கேள்விக்குறி அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. அந்த 25 சொல் ஆளாக ஒரு காலத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்தவன். 1979-இல் ஏறி 1998-இல் இறங்கினேன். அப்பாவுக்கு இங்கே ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் கடலைப் பார்த்ததுகூடக் கிடையாது. மாலுமிகள் என்னை 'மார்க்கோனி சாப்' என்று கூப்பிட்டபோது பெருமையாக இருந்தது. இரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கே சாதாரண மொழியில் நிமிடத்துக்கு 20 சொல்லும், குறியீட்டுத் தொகுதிகள் என்றால் 16-ம் வாங்கவும் அடிக்கவும் வேண்டும். வேகம்தான் சோறு போட்டது. அந்த வேகமே தலைக்கும் ஏறியது.

முதல் கப்பல். வங்காள விரிகுடாவில் ஒரு சிறிய சரக்குக் கப்பலின் ஆபரேட்டர் என்னிடம் வானிலைச் செய்தி கேட்டார். அவர் நிலையத்தில் ரிசீவர் சரியில்லை, கரையிலிருந்து வந்த ஒலிபரப்பை வாங்க முடியவில்லை. நான் அடிக்கத் தொடங்கினேன். 'கியூ.ஆர்.எஸ்.' என்றார். மெதுவாக அடி என்று பொருள். ஒரு வரி மெதுவாக அடித்தேன். இரண்டாவது வரியிலேயே கை பழைய வேகத்துக்குப் போய்விட்டது. மறுபடி 'கியூ.ஆர்.எஸ்.' கேட்டார். மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. 'ஆர்' என்று, வாங்கிவிட்டதாக அடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் எதை வாங்கினார், எதை விட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அனுப்பியது ஒரு புயலின் இருப்பிடமும் அது நகரும் திசையும்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த 'ஆர்' எழுத்தின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. மூன்றாவது முறை கேட்க அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை உண்டாக்கியவன் நான். உரிமம் வாங்கி ஆர்வத்துக்காகப் பேசும் ஹாம் ரேடியோவில் புதியவர்களை விரட்டுவதும் இதே கூச்சம்தான். யாரும் அவர்களைத் திட்டி அனுப்புவதில்லை. மெதுவாக அடிக்கச் சொல்லிக் கேட்கவே வெட்கப்பட வைக்கிறோம், அவ்வளவுதான்.

கணக்காகவே சொல்கிறேன். நம் நாட்டில் ஜெனரல் கிரேடு உரிமத்துக்கான மோர்ஸ் தேர்வு நிமிடத்துக்கு 8 சொல். அந்த வேகத்தில் ஒரு டிட் 150 மில்லிநொடி நீளும். 25 சொல் வேகத்தில் அதே டிட் 48 மில்லிநொடிதான். 8 சொல்லில் தேறி வந்தவர் காதுக்கு 25 சொல் என்பது மொழியே அல்ல, வெறும் மணல் சரியும் சத்தம். கூப்பிட்டவர் எந்த வேகத்தில் கூப்பிட்டாரோ அதே வேகத்தில் பதில் கொடுப்பது சி.டபிள்யூ. எனப்படும் மோர்ஸ் உலகத்தில் நூறு வருடப் பழக்கம். அதைவிட ஒரு சொல் குறைத்து அடித்தால் இன்னும் நல்லது. ஒருவர் கியூ.ஆர்.எஸ். கேட்கும்படி வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் கட்சி.

மெதுவாக அடிப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. எழுத்தையே இழுத்து இழுத்து அடித்தால் கேட்பவர் புள்ளியையும் கோட்டையும் எண்ண ஆரம்பித்துவிடுவார். எண்ணிப் பழகிய காது அப்புறம் வேகம் பிடிக்காது. எழுத்தை ஓரளவு விரைவாகவே அடித்து, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விட வேண்டும். இலக்கணப்படி ஒரு டா மூன்று டிட் நீளம். எழுத்துகளுக்கு நடுவில் மூன்று டிட் இடைவெளி, சொற்களுக்கு நடுவில் ஏழு. புதியவரோடு பேசும்போது அந்த இடைவெளிகளைத் தாராளமாக்க வேண்டும். அவர் யோசித்துக்கொள்வது அந்த இடத்தில்தான்.

இதை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. அம்மாவிடம் கண்டது. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் அம்மா எதிர்ச்சரிவில் வேலை செய்யும் அத்தையைக் கூப்பிடுவார். கையை வாய்க்குக் குவித்து ஒரே ஒரு நீண்ட கூவல். அப்புறம் நிற்பார். பதில் கூவல் வரும்வரை வாய் திறக்க மாட்டார். வந்த பிறகு சொல்ல வேண்டியதைச் சொல் சொல்லாகச் சொல்வார், நடுவில் இடம் விட்டு. இல்லாவிட்டால் முதல் சொல்லின் எதிரொலி இரண்டாவது சொல்லை விழுங்கிவிடும். எதிர்ச்சரிவில் காற்று எப்படி இருக்கிறது, அத்தை நிமிர்ந்து நிற்கிறாரா, கூடை தலையில் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுத்தான் பேசுவார்.

பொது அழைப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். 'சி.கியூ.' மூன்று முறை, கால்சைன் இரண்டு மூன்று முறை, நிறுத்து, கேள். சிலர் 'சி.கியூ.' மட்டுமே இருபது முறை அடிப்பார்கள். கால்சைன் வருவதற்குள் கேட்பவர் வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டிருப்பார். அத்தனை நேரமும் அலைவரிசை வீண்.

இனி நான் அதிகம் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். அழைப்பதற்கு முன்னால் கேட்பது.

அலைவரிசையில் சத்தம் இல்லை என்றால் அது காலி என்று நினைப்பதுதான் புதியவர், பழையவர் எல்லோரும் செய்யும் பிழை. 14 மெகாஹெர்ட்ஸில் என் ரிசீவரில் ஒரு ஜப்பான்காரர் நன்றாகக் கேட்கிறார். அவர் ஐதராபாத்தில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஐதராபாத்காரரின் சிக்னல் அயனமண்டலத்தில் பட்டு வெகு தூரம் தள்ளித்தான் தரைக்கு வருகிறது. அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் என்னைத் தாண்டிப் போய்விடுகிறது. ஜப்பான்காரர் நிறுத்தி, ஐதராபாத்காரர் அடிக்கும் இரண்டு நிமிடமும் எனக்கு அந்த இடம் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து நான் கீயைத் தட்டினால், அடுத்த முனையில் மெல்லிய சிக்னலைக் காது கூர்ந்து எழுதிக்கொண்டிருப்பவரின் பாதிச் செய்தி போய்விடும். யார் கெடுத்தார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இதற்காகவே இருப்பது 'கியூ.ஆர்.எல்.?' என்ற கேள்வி. அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா? முதலில் குறைந்தது அரை நிமிடம் கேட்க வேண்டும். பிறகு ஒருமுறை 'கியூ.ஆர்.எல்.?' அடித்துக் காத்திருக்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் இன்னொரு முறை. அதற்கும் பதில் இல்லாவிட்டால்தான் அழைப்பு. யாராவது 'சி' என்று ஒற்றை எழுத்து அடித்தால், ஆமாம், ஆள் இருக்கிறது என்று பொருள். மறுபேச்சு இல்லாமல் தள்ளிப் போய்விட வேண்டும். 'மன்னிக்கவும்' என்று அடிப்பதுகூட அவர்கள் பேச்சின் மேல் விழும் இன்னொரு கல். நல்ல மனத்தோடு செய்யும் தவறு இது. நிறையப் பேர் செய்கிறார்கள்.

கப்பலில் இந்தக் கேட்கும் பழக்கத்தைச் சுவரிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கப்பலின் ரேடியோ அறையிலும் ஒரு கடிகாரம் இருக்கும். அதன் முகப்பில் 15-ஆவது நிமிடத்திலிருந்து 18 வரைக்கும், 45-லிருந்து 48 வரைக்கும் சிவப்புச் சாயம் அடித்திருக்கும். முள் அந்தச் சிவப்புக்குள் இருக்கும் மூன்று நிமிடமும் 500 கிலோஹெர்ட்ஸில் உலகத்தில் எந்தக் கப்பலும், எந்தக் கரை நிலையமும் சாதாரண அழைப்பு அடிக்கக் கூடாது. ஆபத்து, அவசர அழைப்புகளுக்கு மட்டும் இடம். மணிக்கு இரண்டு முறை, இரவு பகல் எந்நேரமும்.

வங்கக் கடலில் மாலை வேளையில் 500-இல் இருக்கும் கூச்சலைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த மௌனத்தின் அருமை தெரியும். பத்துப் பதினைந்து கப்பல்கள், மெட்ராஸ் ரேடியோ, கல்கத்தா ரேடியோ, கொழும்பு ரேடியோ எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று. முள் 45-ஐத் தொட்டதும் எல்லாம் நின்றுவிடும். பாதிச் சொல்லில் இருந்தவர்கூடக் கையை எடுத்துவிடுவார். காற்றின் இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

1986 ஐப்பசியில் ஒரு நாள், போர்ட் பிளேர் போகும் வழியில், அந்தச் சிவப்பு நிமிடத்தில் 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்று கேட்டது. அவசரக் குறி. சிக்னல் அவ்வளவு மெலிசு. ஊசியால் தட்டுவது போல. ஜெனரேட்டர் நின்றுபோய் அவசர பேட்டரியில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் கப்பல். ஒரு மாலுமிக்குக் கடுமையான வயிற்று வலி, காய்ச்சல், மருத்துவர் ஆலோசனை வேண்டும். நான் வாங்கி மெட்ராஸ் ரேடியோவுக்குக் கொடுத்தேன். அவர்கள் கரையில் டாக்டரைக் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். நான் அந்தக் கப்பலுக்கு அடித்தேன், நிமிடத்துக்குப் பத்துச் சொல் வேகத்தில், ஒவ்வொரு மருந்தின் பெயரையும் இரண்டிரண்டு முறை. இந்த முறை கை ஓடவில்லை. அந்த மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு ஆபரேட்டர் 'என் வேலையை முடித்துக்கொள்கிறேனே' என்று கீயில் கை வைத்திருந்தால் அந்த ஊசித் தட்டல் எனக்குக் கேட்டிருக்காது.

கரை நிலையத்தில் வரிசை முறையும் உண்டு. ஐந்து கப்பல் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஆபரேட்டர் ஒவ்வொருவருக்கும் 'கியூ.ஆர்.ஒய்.' என்று முறை எண் கொடுப்பார். உன் முறை நாலாவது என்றால் நாலாவதுதான். எண்ணெய்க் கப்பலானாலும் பயணிகள் கப்பலானாலும் காத்திருக்க வேண்டியதுதான். யாரும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து நான் பார்த்ததில்லை.

1999 பிப்ரவரி 1-ஆம் தேதி கடலில் செயற்கைக்கோளையும் பயன்படுத்தும் புதிய ஆபத்துத் தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ரேடியோ ஆபீசர் பதவி போயிற்று. 2003-இல் சர்வதேச ஒப்பந்தத்திலிருந்து ஹாம்களுக்கான மோர்ஸ் கட்டாயமும் போயிற்று. பல நாடுகள் தேர்வையே எடுத்துவிட்டன. 2013 ஜூலையில் நம் ஊர்த் தந்திச் சேவை நின்றது. இன்று மோர்ஸ் படிக்க வருபவருக்கு அதனால் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆசை ஒன்றுதான். ஒரு மாலை ஒரு ஆள் அவரைக் கூச வைத்துவிட்டால் மறுபடி வருவதற்கு அவருக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது. நாம் பதறாமல் இருக்க முடியாத இடம் இது.

சில்லறை ஒழுக்கங்கள் சில உண்டு. கூப்பிட்டவரின் சுருதியோடு நம் சுருதியைச் சேர்த்துக்கொண்டுதான் பதில் அடிக்க வேண்டும். நூறு இருநூறு ஹெர்ட்ஸ் தள்ளி அடித்தால் குறுகிய ஃபில்டர் வைத்திருப்பவர் காதில் விழவே மாட்டோம். டிரான்ஸ்மிட்டரைச் சரிசெய்வதை ஆன்டெனாவில் வைத்துச் செய்யாமல், சிக்னலை வெளியே விடாத டம்மி லோடில் செய்ய வேண்டும். இரண்டுபேர் பேச்சில் ஒருவர் முடிவில் 'கே.என்.' அடித்தால், குறிப்பிட்டவர் மட்டும் பதில் சொல்லலாம், மற்றவர்கள் பொறுங்கள் என்று பொருள். அதற்கு மேல் நுழையக் கூடாது. கீயைத் தட்டும்போது சிக்னல் படாரென்று எழுந்து படாரென்று விழுந்தால் அந்தக் கிளிக் சத்தம் பக்கத்து அலைவரிசைகளில் போய் விழும். மேல் தோட்டத்து மண் மழையில் கீழ்த் தோட்டத்துக் காப்பிச் செடியை மூடுகிற மாதிரி. எழுவதற்கும் விழுவதற்கும் ஐந்து மில்லிநொடி கொடுத்தால் போதும், அடங்கிவிடும்.

14.100 மெகாஹெர்ட்ஸில் யாரும் அடிக்கவே கூடாது. அங்கே உலகம் முழுக்கப் பதினெட்டு ரேடியோ கலங்கரை நிலையங்கள் முறைவைத்துப் பத்துப் பத்து நொடி ஒலிக்கின்றன. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. இலங்கையின் 4எஸ்7பி அதில் ஒன்று. ஒவ்வொன்றும் கால்சைனை அடித்துவிட்டு நான்கு நீண்ட கோடுகள் போடும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, அப்புறம் 1, கடைசி 0.1 வாட். கரண்ட் போன இரவில் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை கோடு கேட்கிறது என்று எண்ணுவேன். மூன்றாவது கோடு கேட்டாலே மனம் நிறைந்துவிடும். ஒரு வாட் என்பது டார்ச் விளக்கு அளவு. அதைத் தேடித்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாமல் அதே இடத்தில் ஒருவர் நூறு வாட்டில் செட்டைச் சரிபார்ப்பார். வயிறு எரியும்.

இன்னொன்று, 599. சிக்னல் அறிக்கையில் முதல் எண் எவ்வளவு தெளிவு என்று ஐந்துக்கு. இரண்டாவது எவ்வளவு பலம் என்று ஒன்பதுக்கு. மூன்றாவது ஒலித் தரம், ஒன்பதுக்கு. போட்டிகளில் எல்லோரும் எல்லோருக்கும் 599 கொடுக்கிறார்கள். போட்டியில் அது சடங்கு, விட்டுவிடலாம். சாதாரண உரையாடலிலும் 599 கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் 'உன் பெயரை மறுபடி சொல்' என்று கேட்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் சொந்தக் கையால் கம்பி இழுத்து ஆன்டெனா கட்டியிருக்கிறார். அது வேலை செய்கிறதா என்று அறிய அவருக்கு உங்கள் எண் ஒன்றுதான் வழி. 339 என்றால் 339 என்று சொல்லுங்கள். அவர் நாளைக்கு மரம் ஏறிக் கம்பியை உயர்த்துவார்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சங்கடமும் இருக்கிறது. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போவதால், பொழுது சாய்ந்த பிறகு நம் தலைக்கு மேல் அயனமண்டலம் கொதிக்கிற பால் மாதிரி கலங்கும். சில இரவுகளில் சிக்னல் படபடவென்று துடிக்கும், சுற்றும் மின்விசிறிக்கு முன்னால் நின்று பேசுகிற மாதிரி. டிட் ஒன்று விழுந்துவிட்டால் 'ஹெச்' என்பது 'எஸ்' ஆகிவிடும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்து, பெயரையும் ஊரையும் இரண்டு முறை அடிப்பதை ஐரோப்பியர் சிலர் தேவையில்லாதது என்று நினைக்கலாம். இங்கே அது தேவை. சித்திரை வைகாசியில் இடி மின்னல் வேறு. தூரத்தில் மின்னும்போதே நான் ஆன்டெனா கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவேன். பேச்சின் நடுவில் அப்படிப் போக நேர்ந்தால், 'கியூ.ஆர்.டி., மின்னல்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் எதிர்முனையில் இருப்பவர் பத்து நிமிடம் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

கேரளத்தில் ஒரு முதியவர் இருந்தார். கை நடுக்க நோய். அவர் 'ஹெச்' அடித்தால் நான்கு டிட்டுக்குப் பதில் ஐந்து விழுந்து எண் 5 ஆகிவிடும். எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதம் கேட்டுக் கேட்டு அவர் கையை நான் பழகிக்கொண்டேன். கையெழுத்தைப் போலத்தான் மோர்ஸில் கையும். ஒருவர் கையை ஒருமுறை பழகிவிட்டால் கால்சைன் அடிக்கும் முன்பே ஆள் தெரிந்துவிடும். ஒரு நாள் அவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது, கால்சைன் சொல்லாத யாரோ குறுக்கே வந்து 'கியூ.எல்.எஃப்.' என்று அடித்தார். இடது காலால் அடிக்கிறாயா என்று கேலி செய்யும் குறி அது. முதியவர் சற்று நேரம் ஒன்றும் அடிக்கவில்லை. நான் அந்தக் குறுக்கீட்டுக்குப் பதிலே சொல்லாமல், அவர் கடைசியாகச் சொன்ன விஷயத்துக்குப் பதில் அடித்தேன். அவருடைய பேரன் பிளஸ் டூ தேர்வு எழுதுவதைப் பற்றியது அது. அவரும் தொடர்ந்தார். குறுக்கே வருபவர்களுக்கு இதைவிடச் சரியான மறுமொழி எனக்குத் தெரியவில்லை. பதிலுக்குத் திட்டி அடிப்பவர்களும், அலைவரிசைப் போலீஸ் வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து குறுக்கீட்டைவிட அதிகம் கெடுக்கிறார்கள். இரண்டு வருடம் பேசினோம். இப்போது அவர் இல்லை. ஹாம்கள் வழக்கில் அவர் சைலண்ட் கீ.

கூட்டம் நெருக்கும் இடத்தில்தான் பண்பு உண்மையில் தெரியும். அரிதான ஒரு தீவிலிருந்து ஒருவர் ஒலிபரப்பினால் உலகமே அவரைக் கூப்பிடும். அவர் 'அப்' என்று அடித்தால், தன் அலைவரிசையில் கூப்பிடாதே, சற்று மேலே கூப்பிடு என்று அர்த்தம். அதைக் கேட்காமல் அவர் மேலேயே அடிப்பவர்கள், அவர் வேறொருவருக்குப் பதில் சொல்லும்போதும் தன் கால்சைனைத் திணிப்பவர்கள், ஒவ்வொரு நாளும் உண்டு. 2004 டிசம்பரில் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் பாரதி பிரசாத் குழுவினர் அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து வி.யூ.4 என்ற அரிய முன்னொட்டோடு ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். உலகம் முழுக்க அவர்களைப் பிடிக்கத் தவம் கிடந்தது. 26-ஆம் தேதி காலை நிலம் நடுங்கியது, கடல் வந்தது. அவர்கள் அந்த நொடியோடு விளையாட்டை நிறுத்திவிட்டு, அதே கருவிகளில் உயிரோடிருப்பவர்களின் செய்தியை ஊரில் தவிக்கும் குடும்பங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த வேளையில் ஒரு தொடர்புக்காக ஆசைப்பட்டு யாரும் கீயைத் தொடலாமா? கப்பல் கடிகாரத்தின் சிவப்பு நிமிடம் கரையில் வந்தால் இப்படித்தான் வரும். முன்கூட்டி மணி அடித்துவிட்டு வராது. அதனால்தான் எப்போதும் கேட்டுவிட்டு அடிக்கச் சொல்கிறேன்.

மார்கழியில் தொலைந்துபோன புதியவருக்கு வருகிறேன். அந்த வேகக்காரர் போன பிறகு அதே அலைவரிசையில் 'கியூ.ஆர்.எல்.?' அடித்தேன். யாரும் இல்லை. புதியவரின் கால்சைனை, அவர் அடித்த அதே ஆறு சொல் வேகத்தில், மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுநாள் அதே நேரம் கூப்பிட்டேன். இல்லை. நான்காவது நாள் வந்தார்.

விருதுநகர்ப் பக்கம். செட் அவரே கட்டியது. ஐந்து வாட்டுக்கும் கீழே. நான் 449 என்றேன், அதுதான் உண்மை. என் பெயரை இரண்டு முறை அடித்தேன். அவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டுக் கேள்விக்குறி போட்டார். அந்த எழுத்தை மட்டும் தனியாக, முன்னும் பின்னும் இடம் விட்டு அடித்தேன். இந்தத் தொடர்பு இருபத்தைந்து நிமிடம் நடந்தது. நாங்கள் பரிமாறிக்கொண்டது மொத்தம் நாற்பது ஐம்பது சொல்தான் இருக்கும். முடிவில் 73 அடித்தார், வாழ்த்துகள் என்று. பிறகு இரண்டு டிட். டிட் டிட். விடைபெறும்போது பழைய கைகள் மட்டும் தட்டும் அந்தச் சின்னத் தட்டலை அவர் எங்கே கேட்டுக் கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. நானும் டிட் டிட் என்றேன்.

உரிமம் வாங்கிவிட்டுக் கீயைத் தொடத் தயங்கிக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, மாலையில் 7 மெகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியில் கூப்பிடுங்கள். என்னைப் போல அங்கே இன்னும் சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் எந்த வேகத்தில் அடிக்கிறீர்களோ அந்த வேகத்திலேயே பதில் வரும். வாழவந்தியில் அன்று கரண்ட் இல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும்.